நீறு பூத்தது

பேஜர் அலறியபோது மணி இரண்டு நாற்பது.
இரவு உடைக்கு மேலேயே தீயணைப்புச் சட்டை,
ஒரு காலில் மட்டும் காலுறை.
பகலில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இந்த ஒகனாகன் சரிவில்
எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை நிமிடம் தாமதம்
என்பது எனக்கு மனப்பாடம்.
அதனால் முகவரியைக் கேட்டதும்
முகம்தான் வந்தது:
ஹாஸ்கெட் வீட்டு ட்ரூடி,
கடைசி இருக்கை, ஜன்னலோரம்.

வீடு தப்பித்தது.
பின்பக்கத்துச் சிடார் மேடை போயிற்று.
இரண்டு சைக்கிள்,
ஒரு உறைபெட்டி நிறைய மூஸ் இறைச்சி.
குளிர்காலம் முழுக்க வரவேண்டியது
ஒரே இரவில் வெந்து, யார் வாய்க்கும் இல்லாமல்.

லோர்ன் ஹாஸ்கெட் புல்லில் நின்றார்,
வீட்டுச் செருப்போடு.
"அணைத்துவிட்டேன்" என்றார்.
"சனிக்கிழமை ட்ரூடிக்குப் பட்டமளிப்பு.
குழியில் கொஞ்சம் நெருப்பு போட்டோம்.
ஞாயிறு முழுக்கச் சும்மா கிடந்தது.
நேற்றுச் சாயங்காலம்தான் அள்ளினேன்,
வெள்ளையாய், மாவு மாதிரி, செத்துப்போய்.
காகிதப் பையில்தானே போட்டேன்?"

பையை எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
மேடை இருந்த இடத்தில்
எல்லாவற்றையும்விடக் கருப்பாய் ஒரு வட்டம்.

நீறு பூத்திருந்தது, அவ்வளவுதான்.
பூவென்று நம்பி
மடியில் கட்டிக்கொண்டார்.

நானும் பெரிய யோக்கியம் இல்லை.
முதல் குழிக்குக் கல் வேண்டுமென்று
ஓடையில் இறங்கிப் பொறுக்கினேன்,
உருண்டை, வழவழப்பு, பார்க்க அழகு.
கல்லும் தண்ணீர் குடித்திருக்கும் என்று
யாருக்குத் தோன்றும்?
மூன்றாவது கட்டை பற்றும்போது
ஒன்று வெடித்தது.
முழங்காலுக்குக் கீழே தழும்பு இருக்கிறது,
கேட்பவர்களிடம் காட்டுவேன்.
என் மடியில் அப்போது தங்கை மகன் இருந்ததையும்
அவன் தலைமயிரை உரசி ஒரு சில்லு போனதையும்
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சூளைச் செங்கல்.
கொட்டகையிலிருந்து இருபது எட்டு தள்ளி,
பைன் கிளை எதுவும் எட்டிப் பார்க்காத இடம்.
காற்றுள்ளபோது தூற்றுகிறவர்கள் தூற்றட்டும்;
ஏரிக்காற்று எழுந்தால் நான்
தீக்குச்சியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு
உள்ளே போய் டிவி பார்ப்பேன்.
மருந்தேற்றிய பழைய வேலிப் பலகையோடு
யாராவது வந்தால்
பியர் கொடுத்து, பலகையோடு அனுப்பிவிடுவேன்.
அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

ஜூலை, ஆகஸ்ட் தடை.
நெடுஞ்சாலைப் பலகையில் முள்
சிவப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.
செப்டம்பரில் மூன்று மழை.
நாலாம் நாள் நான் குழியைக் கூட்டினேன்,
தெருவைக் கூப்பிட்டேன்.

லோர்னும் வந்தார்.
கையில் மூடிபோட்ட இரும்பு வாளி,
விலைச்சீட்டு கூடக் கிழிக்காமல்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
நெருப்புக்கு மிகத் தொலைவான நாற்காலியை
அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.
ஹாக்கி பேசினார்.
ட்ரூடி கால்கரியில் வெல்டிங் படிக்கிறாளாம்.
"நாள் முழுக்கத் தீப்பொறி" என்று சொல்லி
தானே சிரித்தார்,
பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

பத்து மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள்.
நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள் என்றேன்.
அவர் போகவில்லை.

தண்ணீர் ஊற்றினார். சீறியது.
மண்வெட்டியால் கிளறினார்,
அடியில் ஒரு சிவப்புக் கண் விழித்தது.
ஊற்றினார், கிளறினார்,
களி போல் ஆகும் வரை.
பிறகு மண்டியிட்டு,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றிக்குக் கொண்டுபோவதுபோல்
புறங்கையை மெல்லச் சாம்பலுக்குக் கொண்டுபோனார்.
அப்படியே இருந்தார்.
அக்கரையில் ஒரு நாய் குரைத்து, ஓய்ந்து,
மறுபடி குரைத்தது.

"இன்னொரு வாளி" என்றார்.

நான் குழாயைத் திறந்தேன்.